கொக்கு என்ற பெயரும் சாரசின் சொந்தங்களும்

நேயர்களுக்கு வணக்கம். எருமை முதுகில் உட்கார்ந்து வருகிறதே உண்ணிக்கொக்கு, அதற்கும் உத்தரப்பிரதேசத்தின் மாநிலப் பறவையான சாரசக் கொக்குக்கும் பெயரில்தான் உறவு. சாரசுக்கு நெருங்கிய சொந்தம் வேண்டுமானால் ஏரியில் நீந்தும் நாமக்கோழியைப் பாருங்கள். கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், கோழி அளவுகூட இல்லை. சாரசோ ஆள் உயரம்!

1758-ல், உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே சாரசு, நாரை, கொக்கு எல்லாவற்றையும் 'ஆர்டியா' என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், அடைத்தார். காலும் கழுத்தும் நீளம், அவ்வளவுதான் காரணம். இன்றைய வகைப்பாட்டில் வயல்கொக்கு கூழைக்கடாவோடு ஒரு 'வரிசை', அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த பெரும்பிரிவு. நாரைக்குத் தனி வரிசை. சாரசு இருப்பது 'குருயிஃபார்மிஸ்' வரிசையில், கானாங்கோழி, தாழைக்கோழிகளோடு.

பறக்கும்போது வயல்கொக்கு கழுத்தை மடக்கிக்கொள்ளும், சாரசு நீட்டிக்கொள்ளும். இதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், நாரையும் கழுத்தை நீட்டித்தான் பறக்கிறது. சேற்றுத் தடத்தைப் பாருங்கள். வயல்கொக்கின் தடத்தில் பின்விரல் நீளமாகப் பதியும். சாரசின் பின்விரல் சின்னது, மேலே ஏறி நிற்பது. முன்விரல் மூன்றுதான் பதியும். கிளையைப் பிடிக்க முடியாததால் அது மரத்தில் அடையாது, கூடும் தரையில்தான். குரலும் காட்டிக்கொடுக்கும்: சாரசின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் எக்காளம்போல் வெகுதூரம் கேட்கும். வளர்ந்த நாரை பெரும்பாலும் அலகைத் தட்டுவதோடு சரி.

சாரசின் குடும்பத்திலேயே விதிவிலக்கும் உண்டு. உகாண்டா கொடியில் இருக்கும் கொண்டைக் கொக்குக்குப் பின்விரல் நீளம், மரத்தில் அடையும். அதனால் ஆப்பிரிக்கக் கொண்டைக் கொக்குகள் இரண்டுக்கும் தனி உட்குடும்பம். சாரசு உட்பட அந்தக் குடும்பத்தின் மற்ற 13 இனங்கள் இன்னொன்றில்.

குருயிஃபார்மிஸ் வெகுகாலம் இடம் தெரியாத பறவைகளைப் போட்டுவைக்கும் பரணாக இருந்தது. கானமயில், கருங்காடை எல்லாம் அதில்தான் கிடந்தன. மரபணுவைப் பார்த்த பிறகு கானமயிலுக்குத் தனி வரிசை கிடைத்தது. கருங்காடை, யாரும் எதிர்பாராதபடி, உள்ளான், ஆலாக்களின் வரிசைக்குப் போனது. 2008-ல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வும் இதையே காட்டியது.

பழைய கையேடுகளில் சாரசின் பெயர் 'க்ரூஸ் ஆன்டிகோன்'. இப்போது பேரினமே ஆன்டிகோன் ஆகி, 'ஆன்டிகோன் ஆன்டிகோன்' என்று இரட்டித்து வரும். அச்சுப்பிழை என்று நினைத்து அடித்துவிடாதீர்கள். வணக்கம்.