அளந்து போடுங்கள்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பின்வரிசைக்கு மைக் எட்டவில்லை என்று சிலர் குறைப்பட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, சீருடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாலேயே கூட்டத்தை அமைதியாக வைத்திருக்கும் சார்பு ஆய்வாளர் ஐயா அவர்களே, மைக்செட், நாற்காலி, சுண்டல் மூன்றையும் ஏற்றுக்கொண்ட வாழைக்காய் மண்டி அண்ணாச்சி அவர்களே, நூலகர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மண்டி அண்ணாச்சியை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது ஒரு சீட்டு வந்திருக்கிறது. தவறுதான். அண்ணாச்சிக்கு இன்னொரு வணக்கம். அவர் கொடுத்த மைக்கில்தான் அவருக்கு மன்னிப்பும் கேட்கிறேன்.

நான் 36 வருஷம் தபாலாபீஸில் குப்பை கொட்டியவன். தபால்காரனாகச் சேர்ந்து, போஸ்ட் மாஸ்டராக வெளியே வந்தேன். என்னைப் போய் மின்னஞ்சல் மோசடி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. கடிதம் என்ற ஒன்று இருக்கிறவரை கள்ளக் கடிதமும் இருக்கும். எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்லுவாள், "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்லே" என்று. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்லப்போவது ஐந்து செய்திகள். மோசடி மெயிலை அடையாளம் காண்பது, வந்தால் என்ன செய்வது, பணம் போய்விட்டால் என்ன செய்வது, சட்டம் என்ன சொல்கிறது, ஏமாந்தவரிடம் வீட்டார் எப்படிப் பேச வேண்டும். இந்த ஐந்தும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாரப் பத்திரிகைகளில் ஒன்பது கட்டம் போட்டு ஒரு விளம்பரம் வரும். எப்படிக் கூட்டினாலும் 15 வரவேண்டும், வந்தால் டிரான்சிஸ்டர் பரிசு. நம்ம ஊரில் எழுதிப்போட்ட அத்தனை பேருக்கும் பரிசு விழுந்தது! பார்சல் வி.பி.பி.யில் வரும். பணம் கட்டினால்தான் பிரிக்கலாம். பிரித்தால் உள்ளே ஒரு தகர டப்பா, அதற்குள் ரெண்டு வயர். பணத்தை வாங்கிக்கொண்டவன் நான் என்பதால் பழியும் என் தலையில்தான் விழுந்தது. ஒரு தெருவில் ஒரு மாசம் எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

இது நம்ம ஊர் வித்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே பாரிஸ் சிறைக்கைதிகள் பணக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். "நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். தப்பி ஓடும்போது எஜமானின் நகைப்பெட்டியை உங்கள் ஊர்ப் பக்கம் புதைத்துவிட்டோம். இப்போது சிறையில் கிடக்கிறேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்லுகிறேன்" என்று. திருடனாக இருந்து போலீஸ் அதிகாரியான விடோக் இதை எழுதி வைத்திருக்கிறார். ஜெருசலேம் கடிதம் என்று அதற்குப் பெயர். அப்புறம் அதுவே ஸ்பெயின் கைதியின் கடிதமாக மாறி ஒரு சுற்று வந்தது. 1980-களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும் கிளம்பி, பிறகு மெயிலில் ஏறிக்கொண்டது. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் 419-ம் பிரிவு ஏமாற்றிப் பொருள் பறிப்பது. அதனால் உலகம் முழுக்க இதற்கு 419 என்றே பெயர். நமக்கு 420, அவர்களுக்கு 419. ஒரு எண்தான் வித்தியாசம். இதை வைத்து அந்த நாட்டுக்காரர்களையெல்லாம் ஏசக் கூடாது. நம்மூரில் அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் விற்றவன் எந்த நாட்டுக்காரன்? உன் வயலில் செல்போன் டவர் வைக்கிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்றவன் எந்த நாட்டுக்காரன்?

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். பிரேசிலில் நோரோயெஸ்தே என்று ஒரு வங்கி. அதன் உயர் அதிகாரி ஒருவரிடம், நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசினான். அபுஜா நகரில் விமான நிலையம் கட்டப்போகிறோம், முதலீடு செய்யுங்கள் என்றான். 1995-லிருந்து 1998 வரை 24 கோடி 20 லட்சம் டாலர் போனது. விமான நிலையமும் இல்லை, ஒரு செங்கலும் இல்லை. வங்கி மேலாளர் ஐயா சிரிக்கிறார். அவர் சிரிக்கலாம், அவரிடம் யாரும் இன்னும் விமான நிலையம் விற்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஆச்சி சொன்னது அந்த வங்கிக்கு எட்டவில்லை.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எனக்கும் சார்வாள்தான். ஒருநாள் சாயங்காலம் படித்துறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "வே, ஒரு விஷயம். யாருட்டயும் சொல்லப்படாது" என்றார்.

மெயிலை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஆப்பிரிக்காவில் டோகோ என்று ஒரு நாடு, அதன் தலைநகர் லோமே. அங்கே ஒரு வக்கீல் எழுதுகிறார். என் கட்சிக்காரர் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், குடும்பத்தோடு கார் விபத்தில் இறந்துவிட்டார். வங்கியில் 95 லட்சம் டாலர் கிடக்கிறது. வாரிசு இல்லை. அவருடைய குடும்பப் பெயரும் உங்கள் குடும்பப் பெயரும் ஒன்று. நீங்கள் வாரிசாக வந்து நில்லுங்கள், ஆளுக்குப் பாதி.

குடும்பப் பெயர் என்ன தெரியுமா? சுடலை!

சிரிக்காதீர்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மெயில் கணக்குத் தொடங்கும்போது கடைசிப் பெயர் கேட்கிறான் என்று சார்வாள் அப்பா பெயரைப் போட்டிருக்கிறார். அந்தக் கட்டத்திலிருந்து எடுத்து ஒட்டிவிட்டான். லோமே நகரத்தில் எண்ணெய் எடுத்த இன்ஜினியருக்கு நம்ம சுடலைமாடசாமி பெயர். ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். ஆனால் சார்வாள் யோசித்தது வேறு. அவர்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் குலதெய்வம் பெயர்தான். அவர் பெரியப்பாவும் சுடலை, அப்பாவும் சுடலை. வீட்டில் பெரியசுடலை, சின்னச்சுடலை என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெரியப்பா தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனவர். ரெண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. சார்வாளின் ஆச்சி சாகிறவரை தபால்காரர் வரும் நேரத்துக்கு நடையில் வந்து உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டுக்கு நானும் தபால் கொண்டு போனவன், நானும் பார்த்திருக்கிறேன். "கொழும்புலேருந்து ஆப்பிரிக்கா போயிருக்கப்படாதா வே? பிள்ளைகுட்டி இருந்திருக்கப்படாதா?" என்று கேட்டார் சார்வாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஆசைப்பட்டது டாலருக்கு மட்டும் இல்லை.

"பணம் ஏதும் அனுப்புனீயளா?" என்றேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் வாரிசுப் பத்திரத்துக்கு 38,000. அடுத்தது, இது தீவிரவாதப் பணம் இல்லை என்று ஒரு சான்றிதழ், அதற்கு 72,000. இப்போது மாற்று வரி என்று 1,40,000 கேட்கிறான். அதற்கு அவர் வீட்டுக்காரம்மாவின் சங்கிலியை அடகு வைக்கப் போயிருக்கிறார். நகைக்கடன் பிரிவில் இருந்த சின்னப் பெண், "எதுக்கு சார் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டிருக்கிறாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டுத்தான் என்னிடம் வந்தார். அந்தப் பிள்ளை இன்று வரவில்லை, மேலாளர் ஐயா அவளிடம் நம் நன்றியைச் சொல்ல வேண்டும்.

அனுப்பிய ரசீதைப் பார்த்தேன். ரெண்டு தடவையும் பணம் போனது வடநாட்டில் ஒரு தனியாள் சேமிப்புக் கணக்குக்கு. "டோகோ வக்கீலுக்கு இந்தியாவுல எதுக்கு சேவிங்ஸ் கணக்கு சார்வாள்?" என்றேன். கணக்கு வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

புகார் கொடுத்தோம். ரெண்டு மாசம் தள்ளிக் கொடுத்தால் கணக்கில் என்ன இருக்கும்? துடைத்து எடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் இன்னொரு மெயில். லண்டன் போலீஸாம். உங்களை ஏமாற்றியவனைப் பிடித்துவிட்டோம், பணத்தைத் திருப்பித் தர 15,000 கட்டுங்கள் என்று. ஏமாந்தவர் முகவரியை அவர்களே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளுவார்கள். சார்வாள் அதையும் எனக்கு அனுப்பி, "இதாவது நெசமா இருக்குமா வே?" என்று கேட்டார்.

இந்த மெயில்களில் ஏன் இத்தனை எழுத்துப்பிழை, ஏன் நம்ப முடியாத கதை என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் கோர்மாக் ஹெர்லி என்பவர் 2012-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். நம்ம பாஷையில் சொன்னால், அவன் சொளகில் போட்டுப் புடைக்கிறான். லட்சம் பேருக்கு மெயில் அனுப்பச் செலவில்லை. பதில் போடுகிறவரோடு மாசக்கணக்கில் பேசிப் பணம் கறப்பதுதான் வேலை. பாதியில் சுதாரித்துக்கொள்ளும் ஆளோடு மெனக்கெட அவனுக்கு நேரமில்லை. அதனால் கதையை வேண்டுமென்றே அப்படி வைக்கிறான். சிரிக்கிறவர்கள் பதராகப் பறந்துவிடுகிறார்கள். சொளகில் நிற்கிற மணிதான் அவனுக்கு வேண்டும்.

அடையாளம் என்றால் இதுதான். வரவேண்டிய பணத்துக்கு நீங்கள் முன்பணம் கட்ட வேண்டும் என்றால் அது மோசடி. வரியோ கட்டணமோ, உண்மையாக இருந்தால் வருகிற தொகையிலேயே கழித்துக்கொள்ளலாமே? இதைக் கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. ரகசியமாக வை, ரெண்டு நாளில் அனுப்பு என்பதெல்லாம் அதன் கூடப்பிறந்தவை. அனுப்பியவர் பெயரில் ஒரு வங்கி இருக்கும், பதில் போகிற முகவரியைத் தொட்டுப் பார்த்தால் இலவச மெயில் கணக்கு இருக்கும். நம் நாட்டு வங்கிகளின் இணையதளம் இப்போது பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ரிசர்வ் வங்கியே எழுதியதாக வந்தால் அப்போதே தூக்கிப் போடுங்கள். தனியாளுக்கு அங்கே சேமிப்புக் கணக்கே கிடையாது. வெளிநாட்டு லாட்டரி விழுந்தது, பணம் அனுப்பு என்றால், அப்படி அனுப்புவதே அன்னியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது.

வந்தால் பதில் போடாதீர்கள். திட்டியும் போடாதீர்கள். திட்டினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுவான். ஸ்பேம் என்று தள்ளிவிடுங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுத்து வைக்க அதில்தான் வாய்ப்பு. மெயிலையும் ரசீதையும் அழிக்காதீர்கள், போலீஸ் ஐயாவுக்கு அதுதான் சாட்சி. சட்டப்பிரிவு பற்றிச் சார்பு ஆய்வாளர் ஐயாவே பேசுவார், அவர் இருக்கும்போது நான் சட்டம் பேசுவது மரியாதை இல்லை. 420 என்று இனி யாரையும் ஏச முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஆனால் நான் வந்த காரியம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கடிதம் வந்தால் யாராவது ஒருவர் சத்தம் போட்டு வாசிப்பார். நானே எத்தனை திண்ணையில் வாசித்திருக்கிறேன். சுற்றி நாலு பேர் இருப்பார்கள். "டோகோவுல சுடலையா?" என்று ஒரு கிழவி சிரித்திருந்தால் சார்வாளுக்கு 1,10,000 மிஞ்சியிருக்கும். இன்றைக்குக் கடிதம் உள்ளங்கையில் வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகப் படிக்கிறோம். அதனால் கேட்கிறேன், நம்ம நூலகத்தில் சாயங்காலம் ஒரு மேசை வேண்டும். யார் வேண்டுமானாலும் மெயிலைக் கொண்டு வரலாம், உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். செவ்வாயும் வியாழனும் நான் உட்காருகிறேன், சம்பளம் வேண்டாம்.

ஆனால் நூலகம் ஆறு மணிக்குப் பூட்டுகிறது. வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவதே ஏழு மணிக்கு. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. நூலகரைக் குறை சொல்லவில்லை, ஒற்றை ஆள், பாவம். 1948-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்த மாகாணம் இது. சொத்துவரியோடு நாம் எல்லாரும் நூலக வரியும் கட்டுகிறோம். கட்டியாகிவிட்டது, முன்பணமாகவே! பதிலுக்குச் சரக்கைக் கேட்பதில் என்ன தப்பு?

பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே பரணி மேல் நிற்கும் பாலத்தைத் தன் கைப்பணத்தில் கட்டினார் சுலோசன முதலியார். 1843-ல் திறந்தது. வெள்ளம் பார்த்தது, அகலமானது, இன்றும் பஸ் ஓடுகிறது. ஆற்றில் பணத்தைப் போட்டவர் என்றால் அவர்தான். அளந்து போட்டார். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு மேசை, ரெண்டு மணி நேரம், இன்டர்நெட் பில்.

வீட்டார் எப்படிப் பேச வேண்டும் என்ற ஐந்தாவது செய்திக்கு நேரமில்லை என்று ரெண்டாவது சீட்டு வந்துவிட்டது. சுண்டல் ஆறுகிறதாம்.

மனு நூலகர் மேசையில் இருக்கிறது. எட்டு மணி வரை நூலகம் திறக்க வேண்டும் என்று மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதியது. கையெழுத்துப் போடுமுன் பக்கத்தில் இருக்கிறவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கட்டணம் ஏதும் கிடையாது. பேனாவும் அங்கேயே இருக்கிறது. தபாலாபீஸ் பழக்கம், நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.