சூப்பர்மேன் மீண்டும் பிறந்தது பெருமையே

நடுவர் அவர்களே, எதிரணியில் வாதங்களைக் கூர்தீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"2025-இல் வந்த சூப்பர்மேன் மறுதொடக்கப் படம் அந்த நாயகனுக்குப் பெருமையா, சிறுமையா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெருமை என்று வாதாட வந்திருக்கிறேன். எந்த அணியில் என்னைப் போட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த நாயகனுக்காக எங்கும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கும் ரசிகன் நான். பேச்சில் சூடு ஏறினால் அவையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் எடுத்த எடுப்பிலேயே ஒரு கணையைத் தொடுத்தார். "வானத்திலிருந்து கம்பீரமாக இறங்க வேண்டியவனை முதல் காட்சியிலேயே அடிபட்டுப் பனியில் விழவைத்திருக்கிறார்கள். இதுவா நாயகனின் அறிமுகம்?" என்று கேட்டார். கைதட்டலும் பலமாகக் கிடைத்தது.

அந்தக் காட்சியிலிருந்தே நானும் தொடங்குகிறேன். திரையில் சில வரிகள் ஓடுகின்றன. அவன் குழந்தையாகப் பூமிக்கு வந்தது, சூப்பர்மேன் என்று தன்னை உலகுக்கு அறிவித்தது, ஒரு போரைத் தடுத்தது, எல்லாம் சுருக்கமாக வருகின்றன. கடைசி வரி, மூன்று நிமிடங்களுக்கு முன் வாழ்வில் முதன்முறையாக ஒரு சண்டையில் அவன் தோற்றான் என்கிறது. மறுகணம் அண்டார்டிகாவின் பனியில் வந்து விழுகிறான். கிரிப்டான் கோள் வெடிக்கவில்லை. ராக்கெட் பறக்கவில்லை. கான்சாஸ் வயல்வெளியில், அவனை வளர்க்கப்போகும் கென்ட் தம்பதி குழந்தையைக் கண்டெடுக்கவில்லை. 1978-இல் ரிச்சர்ட் டானர் இவற்றையெல்லாம் அழகாகக் காட்டிவிட்டார். 2013-இல் ஸாக் ஸ்னைடர் இன்னும் விரிவாகக் காட்டினார். இனி மூன்றாவது முறை எதற்கு? "இது உங்களுக்குத் தெரியும்" என்று ரசிகனை நம்பி நேராகக் கதைக்குள் இறங்கிவிட்டார் இயக்குநர் ஜேம்ஸ் கன். ஸ்பைடர்மேனின் பென் மாமாவை 2002-இல் ஒரு முறை, 2012-இல் இன்னொரு முறை, பத்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை சாகடித்துக் காட்டினார்களே, அந்த அலுப்பை அனுபவித்தவர்களுக்கு இந்த நம்பிக்கையின் அருமை தெரியும்.

அடுத்து, அவன் தோற்றான் என்ற குறை. சூப்பர்மேன் கதை எழுத உட்காரும் எவருக்கும் முதலில் வரும் தலைவலி, இவனுக்கு ஆபத்து என்று எதைக் காட்டுவது என்பதுதான். துப்பாக்கிக் குண்டு துளைக்காது, நெருப்பு சுடாது, மலையையே தூக்குவான். அப்படிப்பட்டவனுக்காக நாம் ஏன் பதற வேண்டும்? இதற்கு அந்தக் காலத்தில் கண்டுபிடித்த மருந்துதான், அவன் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் என்ற பச்சைக் கல். அது இந்தப் படத்திலும் இருக்கிறது. ஆனால் படத்தின் உண்மையான அடி அவன் உடம்பில் விழவில்லை. அவன் நம்பிக்கையில் விழுகிறது.

காயங்களோடு தன் பனிக்கோட்டைக்குள் வந்தவன் முதலில் எதைக் கேட்கிறான்? தன்னைப் பெற்றவர்கள் அனுப்பிய செய்தியைப் போடச் சொல்கிறான். பாதி சிதைந்துபோன செய்தி அது. கேட்க முடிந்த பாதியில் அன்பும் ஆறுதலும் இருக்கின்றன. மக்களுக்கு நன்மை செய்யவே தன்னை அனுப்பினார்கள் என்று நம்பி வாழ்நாள் முழுவதையும் அதன்மேல் கட்டியிருக்கிறான். அவனுடைய எதிரி லெக்ஸ் லூதர் கோட்டைக்குள் புகுந்து, சிதைந்த பாதியை மீட்டெடுத்து, உலகம் முழுவதும் ஒளிபரப்பிவிடுகிறான். அந்தப் பாதி என்ன சொல்கிறது? அங்குள்ளவர்கள் பலவீனர்கள், அவர்களை அடக்கி ஆள் என்கிறது. லூதரின் பித்தலாட்டம் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இல்லை, செய்தி உண்மையானது. உலகம் ஒரே இரவில் அவனுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எந்தச் சண்டைக் காட்சியிலும் பதறாத என் மனம் இங்கே பதறியது.

"கிரிப்டானில் இருந்த பெற்றோரைக் கெட்டவர்களாக்கிவிட்டார்கள், இது மூலத்துக்குத் துரோகம்" என்று எதிரணியில் குரல் வந்தது. எது மூலம் என்று கேட்கிறேன். 1938-இல் முதல் காமிக்ஸ் இதழ் வந்தபோது சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. தாவத்தான் தெரியும்! கட்டடத்தைத் தாண்டுவான், பிறகு தரையில் இறங்குவான். கிரிப்டோனைட் பிறந்தது காமிக்ஸில் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1943-இல் வானொலித் தொடரில் வந்தது, பிறகுதான் காமிக்ஸுக்குப் போனது. செய்தித்தாள் ஆசிரியர் பெர்ரி ஒயிட்டும் வானொலி கொடுத்தவர்தான். 1986-இல் ஜான் பைர்ன் என்ற ஓவியர் காமிக்ஸிலேயே முழுக் கதையையும் முதலிலிருந்து எழுதினார். அதுவரை இளமையிலேயே வளர்ப்புப் பெற்றோரையும் இழந்தவனாக இருந்த கிளார்க்குக்கு (மனிதர்கள் நடுவில் சூப்பர்மேனின் பெயர் அதுதான்), பெரியவனான பிறகும் உயிரோடிருக்கும் கென்ட் தம்பதியைக் கொடுத்தார். இன்று ரசிகர்கள் உருகும் அந்தப் பண்ணைவீட்டுப் பெற்றோர் ஒரு மறுதொடக்கத்தின் கொடை. மாற்றங்களை எல்லாம் துரோகம் என்று கழித்துவிட்டால், எதிரணி காப்பாற்ற நினைக்கும் சூப்பர்மேனிடம் மிச்சம் என்ன இருக்கும்?

கதையை மறுபடி சொல்வது நம் மரபுக்குப் புதிதா? வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப்போகிறான். கம்பர் அதைத் தாங்கமாட்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போனதாக மாற்றினார். கம்பர் வான்மீகிக்குத் துரோகம் செய்தார் என்று எதிரணித் தலைவர் இந்த அவையில் எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

பழையதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் பக்தியோடு தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2006-இல் பிரையன் சிங்கர் அதைத்தான் செய்தார். டானர் படத்தின் அதே இசை, அதே பாணி, அதில் கிரிப்டான் தந்தையாக நடித்து மறைந்த மார்லன் பிராண்டோவின் பழைய காட்சித்துண்டுகள்கூட இருந்தன. நாயகன் பிராண்டன் ரவுத், டானர் படத்தின் சூப்பர்மேன் கிறிஸ்டோபர் ரீவை நினைவூட்டவே நடித்தார். மரியாதைக்குக் குறைவில்லை, உயிர்தான் இல்லை. அந்த ஒரு படத்தோடு அந்தப் பயணம் நின்றுபோனது.

இப்போது, முந்தைய சூப்பர்மேன் ஹென்றி கேவிலை ஒதுக்கிவிட்டார்கள் என்ற கோபம். எதிரணியின் கோபத்தில் எனக்கும் பங்குண்டு என்பது இந்த ஒரு விஷயத்தில்தான். 2022 அக்டோபரில் "திரும்பி வருகிறேன்" என்று அவரே அறிவித்தார். டிசம்பரில் "இல்லை" என்று அவரே சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஒரு நடிகரை அப்படி நடத்தியிருக்கக் கூடாது. ஆனால் நடுவர் அவர்களே, அது நிர்வாகம் செய்த காரியம். அதற்கான தண்டனையைப் புதிய சூப்பர்மேன் டேவிட் கோரன்ஸ்வெட்டின் நடிப்புக்கும் இந்தப் படத்துக்கும் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கேவில் நடித்த 2013 படம் எழுப்பிய கேள்வி கனமானது. இத்தனை வலிமையுள்ள அந்நியன் ஒருவன் நம்மிடையே இருந்தால் உலகம் அஞ்சாதா என்று அது கேட்டது. ஆனால் அதில் வளர்ப்புத் தந்தை என்ன கற்றுக்கொடுக்கிறார்? பேருந்தோடு ஆற்றில் மூழ்கிய பிள்ளைகளைக் காப்பாற்றிய சிறுவன், "அவர்களைச் சாக விட்டிருக்க வேண்டுமா?" என்று கேட்கிறான். "ஒருவேளை" என்கிறார் தந்தை. பிறகு சூறாவளியில், தன்னைக் காப்பாற்ற வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டுச் சாகிறார். ஒளிந்து வாழ் என்பதுதான் அந்தத் தந்தை விட்டுச்சென்ற பாடம். இறுதியில் நகரமே இடிந்து விழுகிறது, நாயகன் எதிரியின் கழுத்தை முறிக்கிறான். அதை அன்றே என்னால் ஏற்க முடியவில்லை.

புதிய படத்தின் ஜோனதன் கென்ட்டைப் பாருங்கள். உலகமே வெறுக்க, உடைந்துபோய் வீடு திரும்பிய மகனின் அருகில் உட்காருகிறார். பேச்சு அவருக்குச் சரளமாக வரவில்லை, கண் கலங்குகிறது. பிள்ளை யாராக வேண்டும் என்று தீர்மானிப்பது பெற்றோரின் வேலை இல்லை, நீ எடுக்கும் முடிவுகளும் செய்யும் செயல்களும்தான் நீ என்ற பொருளில் சொல்கிறார். பெற்றவர்களின் செய்தி பொய்த்துப்போனவனுக்கு இதைவிட என்ன தர முடியும்? கையில் வந்த பழைய செய்தியில் எதை ஏற்பது, எதை விடுவது என்று கிளார்க் தானே முடிவு செய்கிறான். எண்பது ஆண்டுகளுக்கும் மேலான கதைக்குவியலை எடுத்துக்கொண்டு இயக்குநர் செய்ததும் அதே வேலைதான். டானர் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் தந்த இசையை வேறு சாயலில் வைத்துக்கொண்டார், சிவப்புக் கால்சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார், பிறப்புக் கதையை விட்டார், பெற்றோரின் கட்டளையை உடைத்தார். அந்தத் தேர்வுகளில்தான் படத்தின் பெருமை இருக்கிறது.

என்னைக் கேட்டால் படத்தின் மிகச் சிறந்த இடம் ஒரு வரவேற்பறையில் நடக்கிறது. லோயிஸ் லேன் தன் காதலன் கிளார்க்கைச் சூப்பர்மேனாகவே உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறாள். பொராவியா என்ற கற்பனை நாட்டின் படையெடுப்பைத்தான் படத்தில் அவன் தடுத்திருக்கிறான். அந்தப் படையெடுப்பை நீ தடுத்தாயே, யாரைக் கேட்டுத் தடுத்தாய்? எந்த அரசிடம் ஆலோசித்தாய்? அடுத்து என்ன ஆகும் என்று யோசித்தாயா? கேள்விகள் விடாமல் வருகின்றன. அவனுக்குக் கோபம் ஏறுகிறது, குரல் உயர்கிறது. மக்கள் செத்திருப்பார்கள் என்பதுதான் அவனுடைய ஒரே பதில். யார் சொல்வது சரி? இரண்டு பேரும் சரி. கிராபிக்ஸ் இல்லை, பறத்தல் இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். சூப்பர்மேன் இருக்கலாமா என்ற பெரிய கேள்வி அங்கே முழுமையாகக் கேட்கப்படுகிறது. ரேச்சல் பிராஸ்னஹானின் லோயிஸ், காப்பாற்றப்படுவதற்காக மாடியிலிருந்து விழும் பெண் இல்லை. அவள் ஒரு நிருபர்.

நாய் வேண்டுமா என்றார்கள். கிரிப்டோ என்ற அந்த நாய் 1955-லேயே காமிக்ஸுக்கு வந்துவிட்டது. புதிதாக யாரும் திணிக்கவில்லை. பாத்திரங்கள் அதிகம் என்றார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன், கூட வரும் வீரர்களைச் சற்றுக் குறைத்திருந்தால் கிளார்க் இன்னும் மூச்சுவிட்டிருப்பான். ராட்சத மிருகத்தோடு போராடும்போது ஓர் அணிலைக் காப்பாற்றுவதைச் சிறுபிள்ளைத்தனம் என்றார்கள். அங்கே நான் ஒரு அங்குலம்கூட நகரமாட்டேன். அணிலின் உயிரும் கணக்கில் வரும் என்று நினைப்பவன்தான் சூப்பர்மேன். அதைக் கேலியாகப் பார்க்கும் கண்ணுக்கு அவன் வெறும் பலசாலியாகத்தான் தெரிவான். லூதரும் அவனை அப்படித்தான் பார்க்கிறான். பலத்தைப் படியெடுத்து ஒரு நகலையே உருவாக்குகிறான், அடிகளுக்கு எண் கொடுத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கத்துகிறான், அத்தனை கணக்குப் போட்டும் தோற்கிறான்.

இது வெறும் வியாபாரத்துக்காக எடுத்த படம் என்ற குற்றச்சாட்டுக்கு நெடுநேரம் தேவையில்லை. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்களிடமிருந்து இந்த நாயகனின் உரிமை 130 டாலருக்கு வாங்கப்பட்டது. அன்றிலிருந்தே வியாபாரத்தின் நடுவில்தான் அவன் வாழ்கிறான். அதையும் மீறி யார் நல்ல கதை சொன்னார்கள் என்பதுதான் நம் கேள்வி.

கடைசியாக, அரசியலைப் புகுத்திவிட்டார்கள் என்ற புகார். அந்நியன், குடியேறி வந்தவன், போர், நாடுகள், இதெல்லாம் சூப்பர்மேன் கதைக்குள் எதற்கு என்றார்கள். சீகலும் ஷூஸ்டரும் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். வேறு மண்ணிலிருந்து வந்து பெயர் மாற்றி வாழும் ஒருவனை அவர்கள் எங்கிருந்து கண்டெடுத்தார்கள் என்று நான் விளக்க வேண்டுமா? 1938-இன் முதல் இதழிலேயே அவன் மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறான், மரண தண்டனையிலிருந்து நிரபராதி ஒருத்தியைக் காப்பாற்றுகிறான். அடுத்த இதழில் ஆயுத வியாபாரி ஒருவனை இழுத்துக்கொண்டு போர்முனைக்கே போகிறான். எதிரணி நண்பர்கள் "புதிதாகப் புகுத்திய அரசியல்" என்று சுட்டிக்காட்டிய பொராவியா என்ற நாட்டின் பெயர்கூட 1939 காமிக்ஸில் இருக்கிறது. அங்கும் சூப்பர்மேன் ஒரு போரைத்தான் நிறுத்துகிறான்.

ஆகவே எதிரணித் தலைவரிடம் ஒரே கேள்வி. அடுத்துப் பேச வரும்போது இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அவனைப் படைத்தவர்கள் 1939-இல் அவன் கையால் செய்வித்த காரியத்தை 2025-இல் அவன் மறுபடி செய்தால், அது எப்படிச் சிறுமையாகும்? பதில் கிடைக்காவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.