பாதி வேலி மண்ணுக்குள்ள இருக்கிற ஊர்: கால்வெஸ்டன்

வணக்கம் மக்களே! காத்து சத்தம் ஓவரா இருக்கா? மைக்குல பஞ்சு மாட்டியும் அடங்க மாட்டேங்குது. இது கால்வெஸ்டன். டெக்சாஸ்ல, ஹூஸ்டனுக்குத் தெக்க 50 மைல்ல இருக்கிற தீவு. ஊர்ல 50,000 பேர் சொச்சம்தான். ஹூஸ்டன்ல இருக்கிற நம்மாளுங்க சொந்தக்காரங்க வந்தா முதல்ல பியர்லாண்ட் மீனாட்சி அம்மன் கோயில், அப்புறம் இந்த பீச்சுன்னு கூட்டிட்டு வருவாங்க. வந்தவங்க "என்னப்பா தண்ணி கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு"ன்னு முகம் சுளிப்பாங்க. அழுக்கு இல்லங்க, ஆத்து வண்டல்.

ஆனா நான் இன்னிக்கு பீச்சைக் காட்டப் போறதில்ல. இந்த இரும்பு வேலியைப் பாருங்க. பிராட்வே ரோட்டு மேல இருக்கிற ஆஷ்டன் வில்லா, 1859-ல கட்டின மாளிகை. இவ்ளோ பெரிய வீட்டுக்கு வேலி மட்டும் ஏன் இவ்ளோ குட்டை? குட்டையே இல்ல. கீழ்ப்பாகம் மண்ணுக்குள்ள இருக்கு.

அந்தக் கதைக்கு 1900-க்குப் போகணும். அப்போ இது பருத்தி ஏத்துமதில கொழிச்ச துறைமுகம், ஹூஸ்டன் எல்லாம் இதுக்குப் போட்டி போட்டுக்கிட்டு இருந்த காலம். செப்டம்பர் 8, புயல். தீவோட உச்சி மேடே 9 அடிக்குக் கீழ. வந்த கடல் 15 அடிக்கு மேல. கணக்கு அவ்ளோதான். சுமார் 37,000 பேர் இருந்த ஊர்ல, குத்துமதிப்பா 8,000 பேர் போயிட்டாங்க. கடற்கரைல ஒரு அனாதை இல்லம். 10 கன்னியாஸ்திரிங்க, துணி காயப்போடுற கயித்தால பிள்ளைங்களைத் தங்களோட சேர்த்துக் கட்டிக்கிட்டாங்க. 90-க்கும் மேல பிள்ளைங்க. தப்பிச்சது மூணு பசங்க. அந்த இடத்துல ஒரு நினைவுப் பலகை இருக்கு, போனா நின்னு படிச்சுட்டு வாங்க.

சரி, இதுக்கப்புறம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கணும்ல? இவங்க மூணு இன்ஜினியரைக் கூப்பிட்டாங்க. அதுல ஹென்றி ராபர்ட்னு ஒருத்தர். கூட்டம் எப்படி நடத்தணும், தீர்மானம் எப்படிக் கொண்டு வரணும்னு விதிமுறைப் புத்தகம் போட்டாரே, அதே ராபர்ட்தான்! அவங்க சொன்னது ரெண்டு வேலை. ஒண்ணு, 17 அடில கடல் மதில். ரெண்டாவது, மொத்த ஊரையும் தூக்கு!

தூக்குனாங்க மக்களே. 1903-ல ஆரம்பிச்சு 1911 வரைக்கும், 2,000-க்கும் மேல கட்டடம். லாரிக்கு டயர் மாத்த வைப்பாங்கல்ல, அந்த மாதிரி திருகுற ஜாக்கி. செயின்ட் பேட்ரிக் சர்ச், 3,000 டன் செங்கல் கட்டடம், அதுக்கு அடில 700 ஜாக்கி வெச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல கொஞ்சம் கொஞ்சமாத் திருகி 5 அடி ஏத்தியிருக்காங்க. உள்ள பூசை பாட்டுக்கு நடந்திருக்கு! அப்புறம் ஊருக்குக் குறுக்க ஒரு கால்வாய் வெட்டி, மண்ணு வார்ற கப்பலை அதுக்குள்ள கொண்டு வந்து, கடல் மணலைத் தண்ணியோட குழாய்ல அடிச்சு வீடுங்க அடில நிரப்பியிருக்காங்க. தண்ணி வடிஞ்சிரும், மணல் தங்கிரும். அதுவரைக்கும் ஜனங்க பலகைப் பாலம் போட்டு அது மேல நடந்து கடைக்குப் போயிருக்காங்க. நாறியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு, மணலுக்குத்தான் பொதுப் பணம். வீட்டைத் தூக்குற செலவு வீட்டுக்காரன் தலைல.

1915-ல திரும்ப அதே மாதிரிப் பெரிய புயல், இந்தத் தடவை உயிர்ச்சேதம் ரொம்பக் குறைவு. ஆனா பணம் திரும்பி வரல. 1914-லயே ஹூஸ்டன் ஆழமான கப்பல் கால்வாய் திறந்து வியாபாரத்தை இழுத்துக்கிச்சு. அந்த ஸ்ட்ராண்ட் தெருல பழைய கட்டடமா வரிசையா நிக்குதே, எனக்கென்னவோ இவங்க பழமையைப் போற்றுனதால மட்டும் அது தப்பிச்ச மாதிரித் தெரியல. இடிச்சுட்டுப் புதுசு கட்டக் காசு இல்ல!

அந்தத் தெருல ஒரு பெரிய சுவரோவியம் இருக்கு. 1865 ஜூன் 19-ம் தேதி, டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலைன்னு ஜெனரல் கிரேஞ்சர் அறிவிச்சது இந்த ஊர்லதான். லிங்கன் பிரகடனம் அமலுக்கு வந்து ரெண்டரை வருஷம் கழிச்சு! ஜூன்டீன்த்னு இப்ப நாடு பூரா லீவு விடுறாங்களே, அது இங்க ஆரம்பிச்சது.

ஊர்க்காரங்களுக்கு ஒரு கெத்து உண்டு. தீவுல பொறந்தவன்னா 'பி.ஓ.ஐ', அதாவது 'பார்ன் ஆன் தி ஐலண்ட்'. அம்பது வருஷம் குப்பை கொட்டினாலும் வந்தவன் வந்தவன்தான். இந்த மதில்ல இருந்து கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு 'பாலினீஸ் ரூம்'னு ஒரு சூதாட்ட கிளப் இருந்துச்சு. போலீஸ் அந்த நீள நடைபாதையை ஓடிக் கடக்குறதுக்குள்ள சீட்டு, காசு எல்லாம் மாயமாயிருமாம். 1957-ல சூதாட்டத்துக்கு மூடுவிழா. கட்டடத்தை 2008-ல ஐக் புயல் கொண்டு போயிருச்சு.

ஐக் கொஞ்சம் வில்லங்கமான புயல். முன்னாடி மதில் இருக்குல்ல? தண்ணி பின்பக்கம், தீவுக்கும் கரைக்கும் நடுவுல இருக்கிற விரிகுடா வழியா ஊருக்குள்ள வந்துச்சு. உப்புத் தண்ணி நின்னு பல்லாயிரம் மரம் பட்டுப் போச்சு. அன்னிக்கு உப்பு மணல் போட்டு மேடாக்கினப்பவும் இருந்த மரமெல்லாம் செத்து, புதுசா ஓக் நட்டாங்க. அந்த ஓக்குங்கதான் இப்ப போச்சு. இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பட்ட மரத்தை வேரோட எடுக்காம சிற்பி வெச்சு செதுக்கிட்டாங்க. இதோ, டால்பின். அந்த வீட்டு வாசல்ல ஒரு நாய், ஆள் உயரத்துக்கு!

சரி, எதிர்ப்பக்கம் இருக்கிற பொலிவார் தீபகற்பத்துக்குப் போற ஃபெர்ரிக்கு வரிசைல நிக்கணும். டிக்கெட் கிடையாது, காரோட சும்மாவே ஏத்திக்கிட்டுப் போறாங்க. கடல் பறவைக்குத் தீனி போடணும்னா கப்பலோட பின்பக்கம்தான் போகணும், ஏன்னு போன தடவை என் சட்டை சொல்லுச்சு.