விளம்பரம் யாரைத் தேடிப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், அதை விற்றுப் பார் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கட்டுநர்களுக்கும் தரகர்களுக்கும் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து கொடுப்பது என் தொழில். முதல் நாள் என்னைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே விருப்பத்தைத்தான் சொல்வார்கள்: "வீடு வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் நம் விளம்பரம் தெரிய வேண்டும்."

நியாயமான ஆசைதான். செய்தித்தாளில் முழுப் பக்கம் விளம்பரம் கொடுத்தால், வீடு வாங்கும் எண்ணமே இல்லாத ஆயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறோம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆளைப் பார்த்து அனுப்பலாம், வயது இவ்வளவு, வருமானம் இவ்வளவு, திருமணமாகி இத்தனை ஆண்டு என்றெல்லாம் பிரித்துக் கொள்ளலாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன்.

சோப்பு விற்பவருக்கும் வீடு விற்பவருக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடலாம். சோப்பு தீர்ந்துபோகும், மறுபடி வாங்குவார்கள். வீட்டைப் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வாங்குகிறார்கள். ஒரு வட்டாரத்தில் இந்த மாதம் உண்மையிலேயே வாங்கப் போகிறவர்களை எண்ணினால் மிகச் சிலரே தேறுவார்கள். அவர்களும் மாதக் கணக்கில் யோசிப்பார்கள். விளம்பரத்தைப் பார்ப்பது ஒருவர், கடனுக்கு அலைவது இன்னொருவர், வேண்டாம் என்று கடைசி நேரத்தில் தலையாட்டுவது வீட்டிலிருக்கும் மூன்றாமவர். இத்தனை பேரையும் ஒரு கைப்பேசித் திரையில் குறிபார்த்து வீழ்த்திவிடலாம் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்.

சமூக ஊடகத்தில் விளம்பர இடம் சாலையோரப் பலகையைப் போல வாடகைக்குக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் ஏலத்தில் கிடைக்கிறது. ஒருவர் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறார். அடுத்து ஒரு விளம்பரத்துக்கு இடம் வருகிறது. அந்த இடத்துக்காக, அவர் கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஏலத்தில் மூன்று விஷயங்கள் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. நாம் தரத் தயாராக இருக்கும் தொகை, நாம் கேட்ட செயலை அந்த நபர் செய்வதற்கான வாய்ப்பு, விளம்பரத்தின் தரம். அதிகத் தொகை சொன்னவருக்கே இடம் என்பது இல்லை.

இதில் "நாம் கேட்ட செயல்" என்பதை நேயர்கள் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் வழுக்கி விழுந்த இடம் அது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு விளம்பரம் செய்தேன். என்ன வேண்டும் என்று இயந்திரம், அதாவது விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று கணிக்கும் ஃபேஸ்புக்கின் மென்பொருள், கேட்டபோது, விசாரிப்புப் படிவம் நிரம்ப வேண்டும் என்று சொன்னேன். எங்கள் தொழிலில் இதை லீட் என்போம். ஃபேஸ்புக்கின் உடனடிப் படிவத்தில் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் பயனரின் கணக்கிலிருந்து தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. மளமளவென்று பெயர்கள் வந்து குவிந்தன. கட்டுநருக்கு முகம் நிறையச் சிரிப்பு. ஒரு லீட்டுக்கு ஆன செலவைக் கணக்குப் போட்டு நானும் மார்தட்டிக்கொண்டேன்.

பிறகு விற்பனைப் பிரிவினர் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார்கள். "எந்த வீடு? நான் எதுவும் கேட்கவில்லையே" என்றார் ஒருவர். "படம் அழகாக இருந்தது, தொட்டுப் பார்த்தேன்" என்றார் இன்னொருவர். ஓர் எண்ணில் குழந்தை எடுத்துப் பேசியது; அப்பாவின் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்ததாம். அந்தக் குவியலில் வீட்டை நேரில் பார்க்க வந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இயந்திரத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது. படிவம் நிரப்புகிறவர்களைக் கொண்டுவா என்று கேட்டேன். படிவம் நிரப்பும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. வீடு வாங்குகிறவர்களைக் கேட்டிருந்தேனா? இல்லையே.

பிறகு என்ன மாற்றினேன் என்றால், படிவத்தைக் கடினமாக்கினேன். அனுப்புவதற்கு முன் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லும் வகைப் படிவம் ஒன்று அங்கே உண்டு. அதை எடுத்துக்கொண்டேன். எப்போது குடிபுக நினைக்கிறீர்கள், வீட்டுக்கடன் பற்றி வங்கியில் பேசிவிட்டீர்களா என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்தேன். பதிலைக் கையால் தட்டச்சு செய்தாக வேண்டும். விசாரிப்புகள் சடசடவென்று குறைந்தன. கட்டுநரின் முகமும் சுருங்கியது. அந்த வாரம் அவரைச் சமாதானப்படுத்தியதற்கே எனக்குத் தனிக் கூலி கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அழைத்தவுடன், "ஆமாம், நான்தான் கேட்டேன், எத்தனையாவது மாடி?" என்று பேசும் மனிதர்கள் அடுத்த சில நாள்களில் கிடைக்கத் தொடங்கினார்கள்.

படிவமே வேண்டாம், நேரடியாக விற்பனையையே குறிக்கோளாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் இயந்திரம் கற்றுக்கொள்வதற்கு எண்ணிக்கை வேண்டும். வாரத்துக்குச் சுமார் 50 முறையாவது நாம் கேட்ட செயல் நடந்தால்தான் அதன் கணிப்பு நிலைபெறும் என்பது மெட்டா நிறுவனமே சொல்லும் கணக்கு. வாரத்துக்கு 50 வீடு விற்கிற கட்டுநர் விளம்பரத்துக்காக என்னைத் தேடி வரமாட்டார். ஆகவே நடுவில் ஒரு படியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது: வரைபடத்தைப் பதிவிறக்கியவர், அழைப்பை எடுத்துத் தெளிவாகப் பேசியவர், நேரில் வருவதற்கு நாள் குறித்தவர் என்று ஏதோ ஒன்று. அந்தத் தகவலை விற்பனைப் பிரிவினர் ஒழுங்காகப் பதிந்து இயந்திரத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பல அலுவலகங்களில் இந்த ஒரு வேலைதான் நடப்பதில்லை.

இனிப் படங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறேன்.

2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சிலர், வேறு சிலருடன் சேர்ந்து ஃபேஸ்புக்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே இலக்கு, ஒரே தொகை; ஆணா பெண்ணா என்று எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு விளம்பரத்தில் உடற்பயிற்சிப் படம், இன்னொன்றில் ஒப்பனைப் பொருள். முதலாவது பெரும்பாலும் ஆண்களுக்கே போய்ச் சேர்ந்தது, இரண்டாவது பெரும்பாலும் பெண்களுக்கே. இது வரைக்கும் வியப்பில்லை. அடுத்து அவர்கள் செய்ததுதான் குறும்பு. அதே படங்களை மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ வெற்று வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு மங்கலாக்கிப் போட்டார்கள். பார்ப்பவருக்கு அங்கே படமே இல்லை. ஆனால் இயந்திரம் அதற்குள் இருந்த படத்தைப் படித்துவிட்டது. முன்போலவே ஆண்களுக்கு அதையும் பெண்களுக்கு இதையும் கொண்டுபோய்க் கொடுத்தது. மக்கள் தட்டுவதைப் பார்த்துப் பிரித்ததாக இருந்தால் இப்படி நடந்திருக்க முடியாது. யாருக்குக் காட்டுவது என்பதை, படத்தைப் பார்த்து அதுவே முடிவு செய்திருக்கிறது. வீட்டு விளம்பரங்களையும் அவர்கள் சோதித்தார்கள். விளம்பரத்தின் உள்ளடக்கம் மாறும்போது அதைப் பார்த்தவர்களின் இனக் கலவையும் மாறியது.

இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று விளங்கியது. இலக்கு விளம்பரம் என்றதும் வயது, ஊர், விருப்பம் என்று கட்டங்களில் குறியிடுவதைத்தான் பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். உண்மையில் நான் போடும் படமும் முதல் வரியும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. மாலை வெளிச்சத்தில் நீச்சல் குளத்தைப் படம் பிடித்துப் போட்டால், கனவு காண்கிறவர்கள் வருவார்கள். கனவு காண்பதற்குக் காசு வேண்டாம். தரைத்தள வரைபடத்தைப் போட்டால் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் சமையலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மெத்தை உள்ளே நுழையுமா என்று பெரிதாக்கிப் பார்க்கிறவர் குடியேறும் எண்ணத்தில் இருப்பவர்.

விலையும் அப்படித்தான். விலையைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார்கள் என்று பயந்து, "விலைக்கு அழைக்கவும்" என்று போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடுகிறவர் ஓடட்டும் ஐயா! விளம்பரத்தில் பார்த்து ஓடினால் செலவு சில காசுகள். நேரில் அழைத்துவந்து, நான்கு மாடி ஏற்றி இறக்கி, குளிர்பானம் கொடுத்த பிறகு ஓடினால் ஒரு பகல் போச்சு. ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்று போட்டுவிட்டு, அது எந்த வாகனத்தில், எந்த நேரத்தில் என்று சொல்லாமல் விடுவதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டங்களில் குறியிடும் வித்தைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு விளம்பரத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே நியாயமான வீட்டு வசதிச் சட்டம் வந்துவிட்டது. இன்ன இனத்தாருக்கு மட்டும், இன்ன மதத்தாருக்கு வேண்டாம் என்று வீட்டு விளம்பரம் செய்வது அங்கே குற்றம். 2016ஆம் ஆண்டில் புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரத்தைப் போட்டுப் பார்த்தது. வீடு தேடுகிறவர்களுக்குக் காட்டு, ஆனால் கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர், ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) ஆகியோரோடு ஒட்டுறவு உள்ளவர்களாக ஃபேஸ்புக் வகைப்படுத்தியவர்களை விலக்கு என்று கட்டங்களில் குறியிட்டார்கள். 15 நிமிடத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. செய்தித்தாளில் அச்சடிக்கக் கூசும் ஒரு வாக்கியத்தை, யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டத்தில் குறியிட்டு முடித்துவிட முடிந்தது.

வழக்குகள் வந்தன. 2019 மார்ச் மாதச் சமரசத்தின்படி, அமெரிக்காவில் வீடு, வேலை, கடன் ஆகியவற்றுக்கான விளம்பரங்களில் வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றைக் கொண்டு ஆளைப் பிரிக்கக் கூடாது என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. ஓர் இடத்தைச் சுற்றி விளம்பரம் செய்வதென்றால் வட்டம் குறைந்தது 15 மைல் ஆரம் இருக்க வேண்டும். ஏறத்தாழ 24 கிலோமீட்டர். 2022 ஜூனில் அமெரிக்க நீதித் துறையோடு இன்னொரு சமரசம். சட்டம் அனுமதித்த உச்ச அபராதமான 1,15,054 டாலரை மெட்டா கட்டியது. அந்த நிறுவனத்துக்கு அது தேநீர்க் காசு. ஆனால் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதோடு நில்லாமல், இறுதியில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் அளந்து சரிசெய்யும் ஏற்பாடு ஒன்றை உருவாக்க வேண்டியிருந்ததே, அதுதான் பெரிய விஷயம்.

இந்தக் கட்டுப்பாடுகளால் தொழில் படுத்துவிட்டது என்று புலம்பியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புலம்பலில் பங்கில்லை. அறுபது வயதுக்காரர் தன் மகளுக்காக வீடு பார்ப்பார். தனியாக வாழும் பெண் தனக்காகவே பார்ப்பார். இவர்களையெல்லாம் கட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, வாங்க ஆளில்லை என்று நாமே அழுதுகொண்டிருந்தோம்.

2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் மென்பொருளில் ஒரு கேள்வியைச் சேர்த்தது: பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா? வேண்டாம் என்று தட்டியவர்கள் ஏராளம். 2022இல் தன் வருவாயில் சுமார் 1,000 கோடி டாலர் இதனால் குறையும் என்று மெட்டா கணித்தது. நம் வலைத்தளத்துக்கு வந்தவரைத் துரத்திப் போய் மறுபடி விளம்பரம் காட்டுவது அன்றிலிருந்து கடினமாகிவிட்டது. அதனால் நான் காணொளிக்கு மாறினேன். வீட்டுக்குள் நடந்துகாட்டும் ஒரு காணொளியைப் பாதிக்கு மேல் பார்த்தவர் யார் என்பது அந்தத் தளத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அவர்களுக்கு மட்டும் அடுத்த விளம்பரத்தைக் காட்டலாம்.

விளம்பரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்து ஆளைக் கொண்டுவந்த பிறகு நடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். 2011ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் 2,241 நிறுவனங்களுக்கு இணையவழி விசாரிப்பு அனுப்பிப் பார்த்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. 30 நாளுக்குள் பதில் சொன்னவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 42 மணி. எல்லாத் தொழில்களையும் சேர்த்த கணக்கு இது. எங்கள் தொழிலில் நான் பார்த்தவரை நிலைமை இதைவிட மேல் என்று சொல்லத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி ஒருவர் வீட்டைப் பற்றிக் கேட்கிறார். புதன்கிழமை மதியம் அவரை அழைக்கிறார்கள். அதற்குள் அவர் வேறு மூன்று வீட்டைப் பார்த்து, ஒன்றுக்கு முன்பணமும் பேசியிருப்பார்.

நான் சொந்தமாக வீடு வாங்கிய கதையைச் சொல்லி விடைபெறுகிறேன். பத்திரம் பதிந்து, பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகும், அதே வீட்டை வாங்கச் சொல்லி அந்தக் கட்டுநரின் விளம்பரம் என் திரையில் வந்துகொண்டே இருந்தது. வாங்கியவர்களின் பட்டியலை ஏற்றி, இவர்களுக்குக் காட்டாதே என்று சொல்வதற்கு அங்கே வசதி உண்டு; பத்து நிமிட வேலை. யாரும் செய்யவில்லை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அந்த விளம்பரத்தைத் தட்டி, படிவத்தை நிரப்பி அனுப்பினேன், என் வீட்டையே எனக்கு விற்க யாராவது அழைக்கிறார்களா பார்க்கலாம் என்று.

இன்னும் அழைக்கவில்லை.

வணக்கம்.