ஆள் மாறிப்போச்சு

வணக்கம். இன்றைக்குக் குசினியிலிருந்தே கதைக்கிறேன். பின்னால் பிரிட்ஜ் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் பிறந்து வளர்ந்தும், சின்ன வயதில் இங்கத்தைத் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் பக்கம் போனதே குறைவு என்று போன வீடியோவில் சொன்னேன். ஏன் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

அப்பா ரெலோவில் இருந்தவர். அதுவும் புலிகளைப் போல ஈழத்துக்காக ஆயுதம் தூக்கிய ஒரு இயக்கம். 1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் ரெலோவை அடிக்கத் தொடங்கினார்கள். மே 6ஆம் தேதி தலைவர் சிறீசபாரத்தினத்தைக் கொன்றார்கள். அப்பா எப்படியோ தப்பி இந்தியா வழியாக இங்கே வந்தார். ஆமிக்கும் பயம், சொந்தச் சனத்துக்கும் பயம். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் ஸ்ரீலங்கா தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்றிருக்கும். நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று அந்த 'சோஃப்'. தவிர என்று அர்த்தம்.

வீட்டில் சில சட்டங்கள் இருந்தன. எந்த ஊர் என்று கேட்டால் சொல்லலாம். அப்பா எந்த இயக்கம் என்று கேட்டால், "தெரியாது, அங்கிள்." அது பொய்யும் இல்லை, பதினேழு வயதுவரை எனக்கு உண்மையிலேயே தெரியாது. அல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அப்பா இளந்தாரியாகச் சிரித்துக்கொண்டு நிற்பார், தோளில் யாரோ ஒருவரின் கை. அந்த ஆளைக் கத்தரித்துவிட்டார்கள். கையை மட்டும் வெட்ட முடியவில்லை.

1994 மே 1ஆம் தேதி சபாலிங்கம் என்ற எழுத்தாளரைப் பாரிஸில் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. எனக்கு நினைவிருப்பதெல்லாம் அப்பா கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டதும், ஒரு வருஷம் வீட்டில் முருங்கைக்காய் இல்லாமல் போனதும்தான். லாச்சப்பலுக்குப் போனால்தானே முருங்கைக்காய்!

2009உம் போய்விட்டது. அப்பா இப்போது பிரெஞ்சுக் குடிமகன், 'சோஃப்' எல்லாம் கிடையாது. ஆனாலும் ஊருக்குப் போகவில்லை. நானும் கேட்பதில்லை.

போன வருஷம் பிள்ளையார் தேருக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல எதிர்ப்பக்க மூலையில்தான் நின்றார். தெருவெல்லாம் சிதறுதேங்காய். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் வந்து, உற்றுப் பார்த்து, அப்பாவை வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் கேள்விப்பட்டே இராத பெயர்.

"இல்லைத் தம்பி, ஆள் மாறிப்போச்சு," என்றார் அப்பா. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மெட்ரோவில் மூன்று ஸ்டேஷன் தாண்டும்வரை அப்பா ஒன்றும் கதைக்கவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவனுக்குத் தலைமயிர் எல்லாம் கொட்டிப்போச்சு, என்ன."