முதலில் வாங்க வேண்டிய ஜாஸ் ரெக்கோட் எது? திருகோணமலையிலிருந்து ஒரு பதில்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கச்சான் அடிக்கிற காலம், ஜன்னலைச் சாத்தினால் இந்த அறையில் ஒரு மனிசர் இருக்க முடியாது. வீடு டச்பே பக்கம் என்று தெரியும்தானே.

போன வீடியோவில் அலுமாரியைத் திறந்து காட்டியதில் இருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "அண்ணா, ஜாஸ் கேட்க ஆசையாக இருக்கிறது, முதல் ரெக்கோட் எதை வாங்குவது?" யாரிடம் கேட்டாலும் டிரம்பெட் வாசிக்கும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் ப்ளூ' என்பார்கள். நல்ல தட்டுத்தான், அதைப் பற்றியும் கதைக்கப் போகிறேன். ஆனால் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் முதலில் அதைப் போட்டால், பத்து நிமிடத்தில் "மெல்லிசாகப் போகுது, நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துவிடுவார். பார்த்திருக்கிறேன். நம் காது தவில் கேட்டு வளர்ந்த காது. அதற்குத் தெரிந்த வாசல் வேறு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே பாட்டைப் போட்டுக் காட்ட முடியாது. பத்து விநாடி போட்டாலும் காப்புரிமை என்று வீடியோவைத் தூக்கிவிடுவார்கள். ஆகவே தாளத்தை வாயால்தான் சொல்வேன். சிரிக்காதீர்கள்.

என் பதில் இதுதான். கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறேன். 'சக்தி வித் ஜோன் மெக்லாக்லின்'. 1975 ஜூலை 5, நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் சனம் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. ஜோன் மெக்லாக்லின் இங்கிலாந்துக்காரர். மைல்ஸ் டேவிஸ் ஜாஸையும் ரொக்கையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய 'பிச்சஸ் ப்ரூ' தட்டில் கிட்டார் வாசித்தவர். பிறகு மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா என்று ஒரு குழு, காது கிழிகிற சத்தம். அப்படிப்பட்டவர் அமெரிக்காவில் கர்நாடக இசை வித்துவான் எஸ். ராமநாதனிடம் வீணை பாடம் கேட்கப் போனார். அதன் பிறகுதான் மின்சாரக் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு சக்தி என்ற இந்தக் குழுவோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருடைய கிட்டாரில் வாசிக்கும் தந்திகளுக்கு மேலதிகமாக, சேர்ந்து அதிருவதற்கென்றே குறுக்கே தனித் தந்திகள் ஓடும். விரல் வைக்கும் பலகையையும் குழியக் குழியச் செதுக்கியிருப்பார்கள். கமகம் வரவேண்டுமே, தந்தியை அழுத்தி இழுக்க இடம் வேண்டும்.

கூட யார் யார்? தபேலா சாகிர் ஹுசைன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன், வயலின் எல். சங்கர். இந்தக் கடைசிப் பெயரில் கொஞ்சம் நில்லுங்கள்.

சங்கர் பிறந்தது சென்னையில், 1950இல். ஆனால் சின்ன வயது யாழ்ப்பாணத்தில். தகப்பனார் வி. லட்சுமிநாராயணா அங்கே இசை படிப்பித்தவர். அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம். எல்லாருமே வயலின். 1958 கலவரத்தோடு குடும்பம் இலங்கையை விட்டுப் போய்விட்டது. பதினேழு வருடம் கழித்து அந்தச் சின்னப் பையன் நியூயோர்க் மேடையில் மெக்லாக்லினோடு மல்லுக்கட்டுகிறார். இந்தத் தட்டில் 'ஜோய்' என்று ஒன்று, பதினெட்டு நிமிடம். கிட்டார் ஒரு வரி போடும், வயலின் அதை வாங்கிக் கொஞ்சம் முறுக்கித் திருப்பிக் கொடுக்கும், கிட்டார் இன்னும் சுருக்கிப் போடும், கடைசியில் இரண்டு மாத்திரைக்கு ஒரு ஆள் என்று வந்து நிற்கும். பங்குனியில் பத்திரகாளி அம்பாள் கோயில் வீதியில் தவில் சமா பார்த்தவருக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கே கை தட்ட வேண்டும் என்று தானாகவே தெரியும். ஜாஸ்காரரும் இதைத்தான் செய்கிறார்கள், நாலு நாலு ஆவர்த்தனமாகப் பிரித்து மாறி மாறி வாசிப்பார்கள்.

இரண்டாவது பக்கம் போடும்போது ஒலியைக் கூட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, இருபத்தொன்பது நிமிடம். ஒரு பக்கத்தில் இவ்வளவு நேரம் அடைத்தால் வரிகளை நெருக்கி நெருக்கி வெட்ட வேண்டும், அப்போது சத்தம் தாழ்ந்துதான் வரும். ரெக்கோட்டில் பிழை இல்லை.

சரி, இரண்டாவது. டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட், அதாவது பியானோக்காரர் ப்ரூபெக்கின் நால்வர் குழு, 'டைம் அவுட்', 1959. இதில் 'டேக் ஃபைவ்' எல்லாருக்கும் தெரியும், தேத்தண்ணிக் கடையில்கூடக் கேட்டிருக்கிறேன். ஐந்து அட்சரம். தகிட தக, தகிட தக, தகிட தக. நம் கண்ட சாப்பு 'தக தகிட' என்று போகும், அவர்கள் மூன்றை முன்னால் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். அதை எழுதியது ப்ரூபெக் இல்லை, சக்ஸஃபோன் வாசிக்கும் போல் டெஸ்மொண்ட். அவர் தன் பாட்டுகளின் வருமானத்தைச் சாகும்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டார்.

எனக்கு அதைவிட முதல் பாட்டுத்தான் பிடிக்கும், 'ப்ளூ ரொண்டோ அ லா டுர்க்'. இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் ப்ரூபெக் கேட்டுப் பிடித்த தாளம். ஒன்பது. எண்ணிக்கொண்டு வாருங்கள்: தக தக தக தகிட, தக தக தக தகிட, தக தக தக தகிட. நாலாவது தடவை மட்டும் மாறும்: தகிட தகிட தகிட. திரும்பவும் முதலில் இருந்து. இந்த நாலாவதில் மேல்நாட்டுக்காரர் பலருக்குத் தலை சுற்றும். நமக்கு அது வீட்டுத் திண்ணை.

ப்ரூபெக் அந்தத் துருக்கித் தாளத்தைப் பிடித்தது 1958இல், அமெரிக்க அரசாங்கம் ஏற்பாடு செய்த நீண்ட இசைப் பயணத்தில். அந்தப் பயணத்தில் இந்தியாவும் இருந்தது, இலங்கையும் இருந்தது. சங்கரின் குடும்பம் இங்கிருந்து போனதும் அதே வருடம்.

இப்போது 'கைண்ட் ஒஃப் ப்ளூ'. இதுவும் 1959, இதுவும் கொலம்பியா ரெக்கோட் கம்பனி, நியூயோர்க் முப்பதாம் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தார்கள், 'டைம் அவுட்' பதிவான அதே இடம். இரண்டே நாள் வேலை, மார்ச் 2, ஏப்ரல் 22. டிரம்பெட் மைல்ஸ், சக்ஸஃபோன் ஜோன் கொல்ட்ரேனும் கெனன்பால் அடர்லியும், பியானோ பில் எவன்ஸ். ராகம் மாதிரி ஒரு சுர வரிசையை எடுத்து அதற்குள்ளேயே உலாவுவார்கள், அவசரம் இல்லை. 'டைம் அவுட்' கேட்டு ஒரு மாதம் கழித்துப் போட்டுப் பாருங்கள், அப்போது ஃபோன் பக்கம் கை போகாது.

இதில் ஒரு விஷயம். மார்ச் 2 அன்று மாஸ்டர் டேப் ஓடிய மெஷின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகத்தானே வரும்? ஆக முதல் பக்கம் மூன்று பாட்டும் சுருதி ஒரு துளி ஏறியே வெளிவந்தன. 1992 வரைக்கும் அப்படியே. அதற்கு முன் அச்சான பழைய தட்டு வைத்திருப்பவர்கள் கீபோர்டைப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள், ஒட்டாது.

வேகம் என்றதும் என் பிளேயர் கதை. இது கனடாவில் இருந்து சித்தப்பா கப்பலில் அனுப்பியது. பழைய வகை, ஏசி மோட்டார். 230 வோல்ட்டை 110 ஆக இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். வோல்ட் சரியாகும். ஆனால் அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த வகை மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு இங்கே 28க்குக் கிட்டத்தான் சுற்றும், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடினால் பெரிய பெரியப்பா பாடுகிற மாதிரி இருக்கும். இதற்கு வழி மோட்டாரில் இருக்கும் இந்தச் சின்னப் பித்தளைப் புல்லி. பார்க்கத் தெரிகிறதா? இதன் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். மீன்பிடி படகு எஞ்சினுக்கு வேலை செய்யும் லேத் கடை அண்ணா ஒருவர்தான் கடைந்து தந்தார். "இதென்ன தம்பி, தையல் மெஷினுக்கா?" என்று கேட்டார். வெளிநாட்டில் இருந்து பிளேயர் எடுப்பவர்கள் ஏசி மோட்டாரா டிசி மோட்டாரா என்று முதலில் கேளுங்கள். டிசி என்றால் இந்தத் தலையிடி இல்லை.

ரெக்கோட் எங்கே கிடைக்கிறது? பெரும்பாலும் பழைய வீடுகளில். இலங்கையில் எந்தப் பழைய ரெக்கோட் பெட்டியைத் திறந்தாலும் மேலே ஜிம் ரீவ்ஸ், அடியில் போனி எம். இது விதி. அந்த இரண்டுக்கும் நடுவில் கை விட்டுத் தேட வேண்டும். பாலையூற்றில் ஒரு பறங்கி அன்ரி வீட்டில் அப்படித்தான் 'டைம் அவுட்' அகப்பட்டது. கவரின் உள்பக்கம் நீல மையில் 'நத்தார் 1974' என்று எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே வட்டமாகக் கோப்பை வைத்த கறை. சுத்தமான பிரதி தருகிறேன் என்றாலும் இதை நான் மாற்ற மாட்டேன். அன்ரி ரெக்கோட்டைத் தந்துவிட்டு, கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசிக்கும் வயலினை மட்டும் தரமாட்டேன் என்றார். நான் கேட்கவே இல்லை.

அவர் வீட்டில் நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய வகைத் தட்டுகளும் இருந்தன. ஆங்கிலேயக் கடற்படை 1957இல் இங்கிருந்து போகும் வரைக்கும் நடன மண்டபங்களில் ஓடியிருக்கக்கூடிய வகை. அவற்றை எடுத்தால் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். அது பிளாஸ்டிக் இல்லை, அரக்கு கலந்தது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், துடைக்கிறேன் என்று பாட்டையே துடைத்துவிடுவீர்கள். அடுத்தது, அதற்கு அகலமான ஊசி தனியாக வேண்டும். 33⅓இல் சுற்றும் எல்பி தட்டுக்கான ஊசியைப் போட்டால் வரியின் அடியில் போய் உரசிக்கொண்டு கிடக்கும்.

எல்பியைக் கழுவ நான் பயன்படுத்துவது வாகன பற்றரிக்கு ஊற்றும் தண்ணி. அசிட் இல்லை, கவனம், அளவு குறைந்தால் ஊற்றுகிற வடித்த தண்ணி. கடற்கரைக் கிணற்றுத் தண்ணி உவர், காய்ந்ததும் வெள்ளையாகப் படியும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் டிக். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி, மெல்லிய துணி, வரி போகிற திசையில் வட்டமாக. லேபலில் தண்ணி படக் கூடாது. மாரி காலத்தில் கவர்கள் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் வெளிச் சுவரில் இருந்து அலுமாரியைத் தள்ளி வையுங்கள். இந்தக் கச்சான் காலத்தில் எதிரி வெக்கை. வாங்கிய தட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அப்பளம்.

ரொக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குத் தனி வீடியோ வேண்டும். ரொக் தட்டுகளில் பாதிச் சந்தோஷம் கவர். லெட் செப்பெலினின் மூன்றாவது தட்டு, 1970, உள்ளே ஒரு சக்கரம் இருக்கும், சுற்றினால் ஓட்டைகளில் படம் மாறும். என்னுடையது ஈரம் குடித்து ஒட்டிப்போய் அசையாது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', 1971, அன்டி வார்ஹோல் யோசனை, ஜீன்ஸ் படத்தில் உண்மையான சிப். கடைக்கு அனுப்ப ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது சிப் அழுத்தித் தட்டில் தடம் விழுந்தது. என்ன செய்தார்கள்? சிப்பைப் பாதி இறக்கி அனுப்பினார்கள். அப்போது அது நடுவில் லேபல் மேல்தான் அழுத்தும், அங்கே பாட்டு இல்லையே.

இப்படிப்பட்ட தட்டுகளைச் சிலர் பொலித்தீன்கூடப் பிரிக்காமல் வைத்து விலை ஏறக் காத்திருக்கிறார்கள். காணி வாங்கலாமே ஐயா.

பிங்க் ஃபுளொய்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்', 1973. தட்டைத் திருப்பிப் போட்டதும் 'மணி'. கல்லாப்பெட்டிச் சத்தம், காசு குலுங்குவது, தாள் கிழிவது எல்லாவற்றையும் டேப்பில் அளந்து வெட்டி ஒட்டி, வளையமாக்கிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். எத்தனை அட்சரம் என்று எண்ணுங்கள். ஏழு. ரேடியோவில் ஓடிய ரொக் பாட்டு, மிஸ்ர சாப்பில் கை போடலாம். கிட்டார் தனியாகக் கிளம்புகிற இடத்தில் நாலுக்கு மாறிவிடுவார்கள், பிறகு திரும்ப ஏழு. அந்த மாற்றம் எங்கே விழுகிறது என்று பிடித்தவர்கள் கீழே எழுதுங்கள், பார்ப்போம்.

அப்புறம் ஒரு தேவை. சக்தியின் இரண்டாவது தட்டு, 'எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி'. கவர் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தட்டில் ஆழமான கீறல் இல்லாமல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மாற்றுக்கு ஜிம் ரீவ்ஸ் தருகிறேன், எத்தனை வேண்டுமானாலும்.