கடவுளின் அடைமொழி கணினிக்குப் பெயரான கதை

அவையோருக்கு வணக்கம்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே இருக்கிறது கலீசியா. அங்கே கணினிக்கு ‘ஓர்தெனதோர்’ என்று பெயர். வேர் எது என்று கேட்டால், ‘ஒழுங்குபடுத்து’ என்னும் லத்தீன் வினையைக் காட்டிவிட்டுப் பலர் ஓய்ந்துவிடுவார்கள். அது பாதி விடைதான். அங்கே பேசும் கலீசியம் என்ற மொழி லத்தீனின் மகள். ஆனால் இந்தச் சொல் தாய்வழிச் சொத்து அல்ல. இது பாரிஸில் பிறந்தது. பிறந்த தேதியும் நமக்குத் தெரியும்.

1955ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, விற்பனைக்கு வரவிருந்த புதிய எந்திரத்துக்குப் பெயர் தேடியது. ‘கணக்கிடும் கருவி’ என்றால் அதன் ஆற்றலுக்குப் போதவில்லை. பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழக லத்தீன் அறிஞர் ழாக் பெரேயிடம் யோசனை கேட்டார்கள். ஏப்ரல் 16 தேதியிட்ட கடிதத்தில் அவர் ‘ஓர்தினாத்தர்’ என்பதை முன்மொழிந்தார். லித்ரே என்னும் பிரெஞ்சு அகராதியில் அது ஏற்கெனவே இருந்தது: உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு அடைமொழியாக! இறையியல் வாடை வேண்டாமென்றால் பெண்பால் வடிவத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார். நிறுவனம் ஆண்பாலையே எடுத்துக்கொண்டது. விற்பனையாளர்கள் கடவுளுக்கு அஞ்சுவார்களா என்ன!

பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து ஸ்பெயினின் காஸ்டிலியம், அதாவது நாம் ஸ்பானியம் என்னும் மொழி, ‘ஓர்தெனதோர்’ என்று வார்த்துக்கொண்டது. லத்தீன் அமெரிக்க ஸ்பானியம் அந்த வழியில் போகவில்லை, ‘கொம்புததோரா’ என்றது. கலீசியமோ காஸ்டிலியத்தைப் பின்பற்றியது. காரணம் மொழியியலில் இல்லை, அரசியலில் இருக்கிறது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1975இல் முடியும்வரை பள்ளியிலும் அலுவலகத்திலும் கலீசியத்துக்கு இடமில்லை. கலீசிய அகாதெமியும் கலீசிய மொழி நிறுவனமும் சேர்ந்து எழுத்து விதிகளை வகுத்ததே 1982இல்தான். அதற்குள் எந்திரம் காஸ்டிலியப் பெயரோடு வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டது.

எல்லையில் ஓடும் மின்யோ ஆற்றைத் தாண்டினால் போர்ச்சுகலில் ‘கொம்புதடோர்’. போர்ச்சுகீசியத்தோடு நெருங்கவேண்டும் என்னும் கலீசியர்கள் அதையே விரும்புகிறார்கள். அண்டை மொழியோடு கைகோப்பது என்ற அளவில் அது நியாயமே. மண்ணின் சொல் என்று வாதிட்டால் நான் ஒப்பமாட்டேன். லத்தீன் ‘கொம்புதாரே’ மக்கள் வாயில் தேய்ந்து இரு மொழியிலும் எப்போதோ ‘கொந்தார்’ ஆகிவிட்டது. எண்ணுவதற்கும் கதை சொல்வதற்கும் அதுவே வினை. ‘கொம்புதடோர்’ அறிஞர்கள் ஏட்டிலிருந்து எடுத்த வடிவம்.

கணினிச் சுட்டியில் மட்டும் இந்தச் சச்சரவு இல்லை. ஆற்றின் இரு கரையிலும் அதை எலி என்கிறார்கள்; எழுதுவதும் ஒரே மாதிரிதான்.